மூடியுள்ள பகுப்புத் தட்டு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான்கு வயது மகளுக்காக வாங்கிய இந்தத் தட்டில் மூன்று பள்ளங்கள் உள்ளன. அவற்றுள் சிறியதற்கு மட்டும் மூடி உண்டு. கடைசியில் உண்ண வேண்டிய இனிப்பை அதில் வைத்து மூடிவிட்டால், காத்திருக்கும் பழக்கம் குழந்தைக்குத் தானாகவே வந்துவிடும் என்கிறது உடன் வரும் கையேடு. தட்டின் செய்நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியிலுள்ள சிலிகான் வளையம் மேசையை இறுகப் பற்றிக்கொள்கிறது. விளிம்பு உயரமாக இருப்பதால் பிஞ்சுக் கையும் சிந்தாமல் கரண்டியில் அள்ளுகிறது. ஆனால் மூடி, உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது.

முதல் வாரம் முழுவதும் மகள் உணவைத் தொடாமல், மூடியின் மேல் விரலை வைத்து உள்ளிருந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அதட்டினேன், அழுதாள். அதட்டியிருக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் மிஷெல் சக ஆய்வாளருடன் 1970இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது ஏறக்குறைய 1 நிமிடமே பொறுத்த குழந்தைகள், அது கண்ணில் படாதபோது சராசரியாக 11 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். மூடியின் உட்புறம் வண்ணக் காகிதம் ஒட்டிய பிறகு, அவள் கவனம் மெல்ல மெல்ல உணவின் பக்கம் திரும்பியது.

ஒருநாள் வீட்டில் இனிப்பு இல்லாததால், வெறும் பள்ளத்தையே மூடி வைத்துவிட்டேன். மறுநாள் அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தாள். அதற்கடுத்த சில நாட்களும் அப்படித்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்களும், காப்பாற்றாதவரிடம் 3 நிமிடங்களும் காத்திருந்ததாக 2013இல் வெளிவந்த ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று காத்திருக்கும் குழந்தை நாளை வாழ்வில் வெல்லும் என்ற வாக்குறுதிக்கு மட்டும் ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருக்கிறார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் மெலிந்துபோனது.

எனக்கு உண்மையில் வருத்தமளித்தது, தட்டைக் காலி செய்யும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டச் சொல்லும் அட்டவணைதான். போதும் என்று வயிறு சொல்லும்போது நிறுத்துவதும் தன்னடக்கமே. சிறு குழந்தைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய அளவில் பரிமாறியபோது ஐந்து வயதினர் கூடுதலாக உண்டார்கள். மூன்று வயதினர் உண்ட அளவில் மாற்றம் இல்லை. நட்சத்திரத்துக்காக என் மகள் கடைசி இரண்டு கவளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியதைப் பார்த்த அன்றே அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது என்ன உணவு, எந்த நேரம் என்பதை நான் முடிவு செய்கிறேன். எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. காய் மிச்சமிருந்தாலும் இனிப்பு உண்டு.

அட்டவணையை ஒதுக்கிவிட்டு, மூடிக்குக் காகிதம் ஒட்டிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். ஒளி ஊடுருவாத மூடியைத் தயாரிப்பாளர்களே தந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் காகிதத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.