அதிகம் ஓடிய வண்டியா, ஓடாமல் நின்ற வண்டியா?

பழைய கார் பார்க்கப் போகிற யாரும் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்றால் பாதி முடிவு அப்போதே எடுத்துவிடுகிறோம். ஒன்றரை லட்சம் என்றால் பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறோம். வடசென்னையில், அதுவும் கடலோரத் தெருக்களில் வருடக்கணக்கில் நின்ற வண்டிகள் விஷயத்தில், இந்தப் பழக்கம் பெரிய செலவில் கொண்டுபோய் விடும் என்பது என் கருத்து.

போன வருடம் நான் தேடி அலைந்தபோது கடைசியில் மிஞ்சியவை இரண்டு வண்டிகள். இரண்டுமே வேகன் ஆர், 2013 மாடல், பெட்ரோல், அதே 998 சிசி கே10 எஞ்சின், இரண்டும் சிங்கிள் ஓனர். ஒன்று மாதவரத்தில் இருந்தது. 1,46,000 கிலோமீட்டர் ஓடியது. கேட்ட விலை 1,95,000 ரூபாய். இன்னொன்று காசிமேட்டில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், 41,000 கிலோமீட்டர், கேட்டது 2,75,000. நான் எடுத்தது மாதவரம் வண்டியை.

மைலேஜ், உள்ளே இடவசதி, ஸ்பேர் கிடைப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனால் இந்த மாடலுக்குக் கிடைக்காத பாகம் குறைவு. பெயிண்ட், சீட் கவர் அழகில் காசிமேட்டு வண்டி நன்றாகவே முந்தியது. அதை மறுக்கவில்லை.

மாதவரம் வண்டிக்கு அத்தனை கிலோமீட்டர் எப்படிச் சேர்ந்தது என்று முதலில் கேட்டேன். ஓனர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர். வடக்கே போகும் ஜிஎன்டி ரோடு நெடுஞ்சாலையில் போய்வர தினமும் எண்பது கிலோமீட்டர் பக்கம். அந்த ஓட்டம் வேறு மாதிரி. எஞ்சின் முழுச்சூட்டுக்கு வந்துவிடும், பெரும்பாலும் டாப் கியர், கிளட்சையும் பிரேக்கையும் மிதிப்பது குறைவு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்து சேர்த்த நாற்பதாயிரம், கிளட்சுக்கு இதைவிடக் கொடுமை.

சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. ஃபாஸ்டேக் கணக்கை போனில் திறந்து காட்டச் சொன்னேன். நல்லூர் டோல்கேட் வரிசையாக வந்தது, வாரநாட்களில் காலையும் மாலையும். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஒரே சீராக ஏறியிருந்தன. டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது இன்றைக்குப் பெரிய வித்தையே இல்லை. அதனால் மீட்டர் சொல்வதை வண்டியின் தேய்மானமும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பரில் கோடுகள் அழிந்திருந்தன. ஸ்டியரிங் மேல்வளைவு கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. டிரைவர் சீட்டின் வலது ஓரம் உட்கார்ந்துபோயிருந்தது. ஒன்றரை லட்சத்துக்குச் சரியான தேய்மானம். ஐம்பதாயிரம் என்று சொல்லும் வண்டியில் இதே தேய்மானம் இருந்தால் அங்கேயே விடைபெறலாம்.

வியாசர்பாடியிலிருந்து தெரிந்த மெக்கானிக் அண்ணனை அழைத்துப் போயிருந்தேன். வண்டி விற்கிறவர் தரப்பு மெக்கானிக்கை நம்பாமல், கூலி கொடுத்து நம் ஆளையே கூட்டிப்போவது நல்லது. முந்தின இரவே அண்ணன் என்னை ஓனருக்குப் போன் செய்து, காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்ல வைத்தார். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின்மீது கை வைத்துப் பார்த்தார், சில்லென்றிருந்தது. குளிர்ந்த எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை வெளிவரும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அது தளர்ந்திருந்தால் அந்த முதல் சில விநாடிகளில் கலகலவென்று கேட்கும். கேட்கவில்லை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெண்புகை நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். புகை முட்டிக்கொண்டு மேலே வரவில்லை. மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்த்ததில் அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

குறைகளும் இருந்தன. நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் முடியும் கட்டம். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் டக் டக் என்றது. லோயர் ஆர்ம் புஷ், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர், தேய்ந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் 2218. அதாவது 2018ஆம் வருடம் 22ஆவது வாரம் தயாரானவை. மேலுள்ள பட்டன் தேயாமல் இருந்தாலும் வயது முடிந்த டயர்.

அப்புறம் காசிமேட்டுக்குப் போனோம். ஓனருக்கு மண்ணடியில் கடை. கடைக்கு எப்போதாவது எடுப்பார், மற்ற நாளெல்லாம் தெருவில் கவர் போட்டு நிற்கும். பார்வைக்குக் கல்யாண வீட்டு வண்டி மாதிரி பளபளப்பு. எஞ்சினும் ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆகி அமைதியாக ஓடியது. அண்ணன் எஞ்சினில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. டிரைவர் பக்க மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த கார்பெட்டையும் ஓரத்தில் பிரித்தார். இரும்புத் தளத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக வைத்து அழுத்தினார். அப்பளம் நொறுங்குவதுபோல உடைந்து, கீழே ரோடு தெரிந்தது.

"இன்ஜின் போச்சுன்னா வேற இன்ஜின் வச்சுக்கலாம் தம்பி. பிளாட்ஃபாரம் போச்சுன்னா எதை வைப்ப?" என்றார்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்தால் மேற்பக்கம் கழுவப்பட்டுவிடும். அடிப்பக்கமும் இரண்டு தகடு சேரும் மடிப்புகளும் கழுவப்படுவதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இதோடு லாரிப் புழுதியும், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசியும் சேர்கின்றன. கதவுக்குக் கீழேயும் ரன்னிங் போர்டிலும் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். தூசி சேறாகி அவற்றை அடைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கும். தினமும் ஓடும் வண்டியில் காற்றும் எஞ்சின் சூடும் பட்டு ஈரம் ஓரளவு காய்ந்துவிடும். நிற்கும் வண்டியில், அதிலும் கவர் போட்டு மூடிய வண்டியில், காய வழியில்லை. நான்கு கிலோமீட்டர் போய் அணைத்துவிடும் வண்டியில் சைலன்சருக்குள் சேரும் தண்ணீர்கூட ஆவியாகாமல் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும்.

துரு தேடுவதற்கு லிஃப்ட் உள்ள வாட்டர் வாஷ் கடை போதும். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்து, ரன்னிங் போர்டின் அடிவிளிம்பு, பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை வந்து உட்காரும் இடம், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். பழைய வண்டியை விற்பதற்கு முன்னால் புது கோட்டிங் எதற்கு? வெளிப்பக்கம் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போட்டு மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க, துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். இரும்பில் ஒட்டும் காந்தம் பட்டிமீது நழுவிவிடும்.

காசிமேட்டு வண்டிக்கு டிங்கரிங் ஆளிடம் கேட்டோம். "35,000ல ஆரம்பிக்கலாம், பிரிச்சுப் பார்த்தாத்தான் மீதி தெரியும்" என்றார். அந்த "மீதி தெரியும்" என்பதுதான் எனக்கு ஒத்துவராதது. கிளட்சுக்கு ஒரு விலை இருக்கிறது, டயருக்கு ஒரு விலை இருக்கிறது. துருவுக்கு ஆரம்ப விலை மட்டும்தான் இருக்கிறது. அழுகிய இடத்தை வெட்டி வெல்டிங் வைத்தாலும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பெயிண்ட் எரிந்து, வேலை சரியாகச் செய்யப்படாவிட்டால் பக்கத்தில் மறுபடி தொடங்கும். 2013 வண்டிக்கு ஆர்சி (பதிவுச் சான்று) 2028இல் முடியும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வண்டியை ஆர்டிஓவிடம் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) காட்ட வேண்டும். கட்டணமே 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. அடித்தளம் அழுகிய வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்குள் செய்யும் செலவு தனி.

நின்ற வண்டிக்கு வேறு நோய்களும் உண்டு. காசிமேட்டு வண்டியில் பிரேக் கேலிப்பர் இறுகியிருந்தது. டயர்களில் வெடிப்பு, பேட்டரி பலவீனம். ஏசி ஓடாமலே இருந்தால் கம்ப்ரெஸர் சீல் காய்ந்து கேஸ் கசியும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இரண்டு வண்டிக்குமே பொது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி எனப் பல இடங்களில் தண்ணீர் நின்றது. எர்ணாவூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்ளே இருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை, தண்ணீர் நின்ற கோடு அதில் இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தாலும், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம் பழுப்பேறியிருந்தாலும் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள். எங்கள் இரண்டு வண்டியிலும் இது இல்லை.

சரி, விலை. கிலோமீட்டரை வைத்துப் பேரம் பேசினால் விற்பவர் "ஹைவே ஓட்டம் சார்" என்று சொல்லி முடித்துவிடுவார். செய்ய வேண்டிய வேலையைத் தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். நாங்கள் எழுதியது: கிளட்ச் கூலியோடு 7,500, முன் சஸ்பென்ஷன் 9,000, நான்கு டயர் 15,000. மொத்தம் 31,500. ஓனர் பட்டியலைப் படித்துவிட்டு 25,000 குறைத்து 1,70,000க்கு ஒத்துக்கொண்டார். வேலையெல்லாம் முடித்தபோது என் கையிலிருந்து போனது இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. காசிமேட்டு வண்டியில் பேரத்துக்குப் பிறகும் 2,50,000க்குக் கீழே இறங்கவில்லை, துரு வேலை அதற்கு மேல். பழைய வண்டி எதுவானாலும் கையில் 20,000 தனியாக வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். எனக்கு அதில் ரேடியேட்டர் மாற்றப் போனது.

காகித வேலையில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அரசின் எம்பரிவாகன் செயலியில் ஓனர் எண்ணிக்கை, லோன், இன்சூரன்ஸ், நிலுவை சலான் எல்லாம் பார்த்துவிடலாம். லோன் இருந்திருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்க ஃபார்ம் 35, பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது.

குறைந்த கிலோமீட்டர் வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே 41,000 கிலோமீட்டர் வண்டி கொளத்தூரிலோ பெரம்பூரிலோ மேல்கூரை உள்ள பார்க்கிங்கில் நின்று, தண்ணீரும் ஏறாமல் இருந்து, அடித்தளம் சுத்தமாக இருந்திருந்தால் கூடுதல் பணம் கொடுத்து அதைத்தான் எடுத்திருப்பேன். என் வண்டி என்னிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படியுங்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டரில் அது எப்படி இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கை அப்படியே போடவும் வேண்டாம். டர்போ, இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றும் பெரிய தொகை. அதிகம் ஓடிய டீசலை நான் வைத்திருந்ததில்லை, வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.