ஃபிரிட்ஸ் புஷ்ஷின் கிளைண்ட்போர்ன் மொஸார்ட் ஒலிப்பதிவுகள்: எதை வாங்கலாம், எப்படிக் கேட்கலாம்

1934 முதல் 1936 வரை இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியிலுள்ள கிளைண்ட்போர்னில், ஒரு கிராமத்து மாளிகையை ஒட்டிக் கட்டிய சின்ன அரங்கில் பதிவான மூன்று மொஸார்ட் ஆப்பராக்கள், அதாவது இசைநாடகங்கள், இவை. ‘ஃபிகரோவின் திருமணம்’, ‘கோஸி ஃபான் டுட்டே’, ‘டான் ஜியோவன்னி’. பின்னிரண்டும் முழுமையாக இசைத்தட்டில் வந்தது அதுதான் முதல் முறை. இப்போது சிடியாகவும் கிடைக்கின்றன, இணையத்திலும் கேட்கலாம். மூன்றில் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் ‘கோஸி’யை எடுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் இதை நடத்தியவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அவர் வாழ்க்கை தெரிந்தால் இந்தப் பதிவுகளின் பலமும் பலவீனமும் சட்டென்று பிடிபடும்.

ஃபிரிட்ஸ் புஷ் 1890-இல் ஜெர்மனியின் ஸீகனில் பிறந்தவர். அப்பா வயலின் செய்பவர், தம்பி அடால்ஃப் உலகறிந்த வயலின் கலைஞர், இன்னொரு தம்பி ஹெர்மன் செல்லோ வாசிப்பவர். 1922-இலிருந்து டிரெஸ்டன் ஆப்பராவின் இசைப் பொறுப்பு முழுக்க இவர் கையில் இருந்தது. ஸ்ட்ராஸ், புஸோனி, ஹிண்டெமித், குர்ட் வைல் என்ற இசையமைப்பாளர்கள் எல்லாருடைய புதுப் படைப்புகளும் அங்கே இவர் கோலசைவில் அரங்கேறின. அப்படிப்பட்டவரை 1933 மார்ச் 7-ஆம் தேதி, வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ ஆப்பராவை நடத்த மேடையேறிய இடத்தில், அரங்கை நிரப்பியிருந்த நாஜிப் படையினர் கூச்சல் போட்டு விரட்டினார்கள். அன்று இரவு வேறொருவர்தான் நடத்தி முடித்தார்.

புஷ் யூதரில்லை. யூதக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்வதை விட மாட்டேன் என்றார், அந்தக் கட்சியை வெறுப்பதை மறைக்கவும் இல்லை, அவ்வளவுதான் குற்றம். கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பெர்லினிலேயே பெரிய பதவி கிடைத்திருக்கும், நாஜித் தலைவர் கோரிங்கின் பக்கத்திலிருந்து அதற்கான பேச்சும் வந்தது. விரட்டப்பட்ட ஒருவரின் நாற்காலியில் போய் உட்கார அவருக்கு மனமில்லை. அதே ஆண்டு இத்தாலிய நடத்துநர் டோஸ்கனினி, வாக்னர் ஆப்பராக்களுக்கான பாய்ராய்த் விழாவை மறுத்து விலகியபோது அந்த இடத்துக்கு இவரைக் கேட்டார்கள், அதையும் வேண்டாம் என்றார். ஸ்ட்ராஸின் ‘அராபெல்லா’ இவருக்கும் டிரெஸ்டன் அரங்கின் நிர்வாகி ஆல்ஃப்ரெட் ராய்க்கருக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட படைப்பு. 1933 ஜூலை 1 அன்று அது டிரெஸ்டனில் அரங்கேறியபோது இரண்டு பேருமே அங்கே இல்லை, கிளெமென்ஸ் க்ராஸ் நடத்தினார். சமர்ப்பணப் பக்கத்தில் பெயரை வைத்துக்கொண்டே ஆளை வெளியே தள்ளியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் புவெனோஸ் ஐரெஸின் கொலோன் அரங்கம், கோபன்ஹேகன் வானொலி ஆர்கெஸ்ட்ரா என்று ஊர் ஊராக வேலை. அந்த நேரத்தில் ஜான் கிறிஸ்டி என்ற ஆங்கிலேயச் செல்வந்தர், பாடகியான தன் மனைவி ஆட்ரி மில்ட்மேயோடு சேர்ந்து, வீட்டுப் பக்கத்திலேயே சுமார் 300 பேர் உட்காரக்கூடிய ஆப்பரா அரங்கம் ஒன்றைக் கட்டிவிட்டு, நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். புஷ் வந்தார். பெர்லினில் பதவி பறிக்கப்பட்ட இயக்குநர் கார்ல் எபெர்ட்டையும் அழைத்துக்கொண்டார். வியன்னாக்காரர் ருடால்ஃப் பிங் நிர்வாகத்துக்கு வந்தார். கலை விஷயத்தில் முடிவு எங்களுடையது, ஒத்திகைக்கு வேண்டிய நாள் வேண்டும் என்பதுதான் புஷ்ஷும் எபெர்ட்டும் கேட்டது. 1934 மே 28 அன்று ‘ஃபிகரோ’வோடு அரங்கம் திறந்தது.

சரி, பதிவுகளுக்கு வருவோம். டிரெஸ்டனில் அவருக்குத் தலைமுறைகளாகச் சேர்ந்து வாசித்துப் பழகிய ஆர்கெஸ்ட்ராவும் நிரந்தரப் பாடகர் குழுவும் இருந்தன. இங்கே ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் பிறந்த இனா சூயஸ், வியன்னாவிலிருந்து வந்த லூயிஸே ஹெல்லெட்ஸ்க்ரூபர், ஆஸ்திரேலியரான ஜான் பிரவுன்லீ, இங்கிலாந்தின் ஹெட்டில் நாஷ், இத்தாலியர் பக்கலோனி, இவரைப் போலவே ஜெர்மனியை விட்டு வந்த யூதப் பாடகி ஐரீன் ஐஸிங்கர் என்று பல நாட்டு ஆட்கள். உடைந்துபோன ஒரு குழுவுக்குப் பதிலாகப் புதுக் குழுவை அடித்தளத்திலிருந்து கட்டியிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவுகளில் தனிப்பாடல்களைவிடக் கூட்டுப்பாடல்கள் பல படி மேலே நிற்கின்றன.

‘கோஸி’யின் முதல் அங்கத்தில், காதலர்கள் கப்பலேறிப் போனதும் இரண்டு பெண்களும் காதலர்களின் நண்பர் டான் அல்ஃபோன்ஸோவும் காற்றும் அலையும் சாந்தமாக இருக்கட்டும் என்று பாடும் மூவர் பாட்டைக் கேளுங்கள். வயலின்கள் சன்னமாக அலைபோல அசைந்துகொண்டே இருக்கும், சூயஸும் ஹெல்லெட்ஸ்க்ரூபரும் ஒருவர் மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொள்வது போலப் போவார்கள். ‘தேஸிர்’ (விருப்பம்) என்ற சொல்லில் இசை எதிர்பாராத ஒரு சுரக்கூட்டில் போய் நிற்கும். பல நடத்துநர்கள் அங்கே நிறுத்தி, பார் எவ்வளவு அழகு என்று காட்டுவார்கள். புஷ் காட்டமாட்டார். அந்த இடம் தானாக வந்து, தானாக வலித்து, கடந்து போய்விடும். இந்த ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம், மிகைப்படுத்தவில்லை.

‘டான் ஜியோவன்னி’யில் டானின் வேலைக்காரன் லெப்பொரெல்லோவாகப் பாடும் பக்கலோனிதான் உயிர். எஜமானின் காதலிகளை நாடுவாரியாகக் கணக்குப் படிக்கும் பாட்டில் இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்ஸில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003 என்று வரும்போது ஒரு எழுத்துகூட நழுவாது, சிரிக்க வைக்க வேண்டும் என்ற பதற்றமும் கிடையாது. முதல் அங்கத்தின் முடிவில் மூன்று சிறு வாத்தியக் குழுக்கள் ஒரே நேரத்தில் மூன்று வேறு நடனங்களை வாசிக்கும் இடத்தையும் கவனியுங்கள். ஒற்றைத் தட ஒலிப்பதிவு, இருந்தும் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. ஆனால் பிரவுன்லீயின் டான் ஜியோவன்னி எனக்குப் போதவில்லை. ஒழுங்கான பாட்டு, அபாயம் இல்லாத பாட்டு. இவனைக் கண்டு ஒரு ஊரே ஏன் நடுங்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

‘ஃபிகரோ’வுக்கு மூன்றாம் இடம்தான். கூட்டுப்பாடல்களை 1934-இல் பதிந்து, மற்றதை அடுத்த ஆண்டு சேர்த்தார்கள், பாட்டுக்கு நடுவில் பேச்சுப் போலப் பாடும் உரையாடல் பகுதிகளை விட்டுவிட்டார்கள். கதை தெரியாதவர்களுக்கு அங்கங்கே தலைகால் புரியாது. இரண்டாம் அங்கத்தின் நீண்ட இறுதிப் பகுதி மட்டும் அபாரம். ஆள் ஒவ்வொருவராக மேடைக்கு வர வர வேகமும் சிக்கலும் ஏறிக்கொண்டே போகும், பிடி ஒரு இடத்திலும் தளராது.

மற்ற இரண்டிலும் உரையாடல் பகுதிகளுக்கு, பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்ஸிகார்ட் இல்லாமல் பியானோ வாசித்திருப்பது இன்றைய காதுக்குக் கொஞ்சம் வினோதம். வாக்கிய முடிவில் பாடகர்கள் வழக்கமாகச் சேர்க்கும் சாய்வுச் சுரங்களையும் புஷ் அனுமதிக்கவில்லை, தாளில் உள்ளதை அப்படியே பாடச் சொன்னார். அதனால் சில வரிகள் மொட்டையாக முடிகின்றன. இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். பழைய தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்தைச் சொச்சமாகத் தாண்டும், ‘டான் ஜியோவன்னி’ மட்டும் 40 பக்கங்களுக்கு மேல். எனவே பக்கங்களை ஒட்டிய விதத்திலும் கரகரப்பை நீக்கிய விதத்திலும் பதிப்புக்குப் பதிப்பு பெரிய வித்தியாசம் உண்டு. நான் முதலில் வாங்கிய பதிப்பில் இரைச்சலை அடியோடு துடைத்திருந்தார்கள், கூடவே வயலின்களின் மேல்பகுதியும் போய், கம்பளிக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. கையேட்டில் பாடகர் பட்டியலைத் தவிர ஒன்றும் இல்லை, புஷ் ஏன் இங்கிலாந்தில் இருந்தார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கொஞ்சம் கரகரப்பை விட்டுவைத்த பதிப்பையே தேடுங்கள், சில நிமிடங்களில் காது பழகிவிடும். இணையத்தில் ஒரே பதிவு பல பதிப்புகளாகக் கிடைக்கும், முதலில் அந்த மூவர் பாட்டை ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த மூன்றும் பிடித்துவிட்டால், போருக்குப் பின் கிளைண்ட்போர்னுக்குத் திரும்பி அவர் பதிந்த பகுதிகளும் இருக்கின்றன: 1950-இல் ‘கோஸி’, 1951-இல் மொஸார்ட்டின் இன்னொரு ஆப்பராவான ‘இடொமெனியோ’, இரண்டிலும் பாடகி சேனா யூரினாச். 1951 செப்டம்பர் 14 அன்று லண்டனில் புஷ் இறந்துபோனார். ‘இடொமெனியோ’வில் யூரினாச்சின் குரல் இளமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது, ஒலித்தரமும் முப்பதுகளின் பதிவுகளைவிட எவ்வளவோ மேல். பழைய ஒலி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.