புது வீட்டுக் கிரயம்: வக்கீல் வேலை அருமை, பில் அப்படியில்லை

பில்டர் சிபாரிசு செய்த வழக்கறிஞர் அலுவலகம் மூலமாகத்தான் எங்கள் புது வீட்டின் கிரயம் முடிந்தது. பத்திரம் கைக்கு வந்துவிட்டது, வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால் வக்கீல் செலவாக முதலில் சொன்ன தொகையும் கடைசியில் நாங்கள் கட்டிய தொகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தப் பழக்கம் ஒரு அலுவலகத்தோடு நிற்பதில்லை என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோப்பைப் பார்த்த ஜூனியர் வக்கீல் கெட்டிக்காரர். ஒப்பந்த வரைவில் கார் நிறுத்த ஓர் இடம் உண்டு என்று மட்டும்தான் இருந்தது. எந்த எண், எந்தத் தளம், நீள அகலம் எவ்வளவு, எதுவுமே இல்லை. விற்பனைப் பிரிவில் வரைபடத்தின் மேல் விரலை வைத்து "இதுதான் உங்க இடம்" என்று காட்டியிருந்தார்கள். அந்த விரல் பத்திரத்தில் வராது அல்லவா? இவர் அதைப் பிடித்துக்கொண்டார். எண்ணும் அளவும் சொத்து விவரத்தில் ஏற வேண்டும், வரைபடமும் இணைப்பாக வர வேண்டும் என்று எழுதினார். பில்டர் தரப்பு மறுத்தது, அப்புறம் இழுத்தடித்தது, கடைசியில் சேர்த்தது. தனக்கு வேலை அனுப்புகிற பில்டரையே எதிர்த்து நின்றார் என்பதற்காக அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இனி பில். ஆரம்பத்தில் தந்த எஸ்டிமேட் ஒரே தாள்: தொழில் கட்டணம், வரி, அரசுக்குப் போகும் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும். "இதற்கு மேல் ஏதாவது வருமா?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். "சாதாரணமாக இவ்வளவுதான் மேடம்" என்று பதில் வந்தது. இறுதி பில்லின் முதல் வரியே "புதிய கட்டடத்துக்கான கூடுதல் கட்டணம்".

இந்தக் கட்டணத்தையே தவறு என்று நான் சொல்லவில்லை. பழைய வீடென்றால் அந்த வீட்டுக்கென்று ஒரு பத்திரம் ஏற்கெனவே இருக்கும். புது வீட்டுக்கு அது இப்போதுதான் பிறக்கிறது. பெரிய மனையில் நமக்கு எவ்வளவு பங்கு, கட்டட அனுமதியில் இருக்கிறபடிதான் கட்டியிருக்கிறார்களா, நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா, உள்சாலையும் கழிவுநீர்க் குழாயும் யார் பொறுப்பு, பில்டர் வாங்கிய கடனுக்காக மனை அடமானத்தில் இருந்தால் நம் பங்கை அதிலிருந்து எப்படி விடுவிப்பது, இத்தனையும் பார்க்க வேண்டும். வேலை கூடுதல்தான், கூலியும் கூடுதலாக இருக்கட்டும். ஆனால் எங்களை அங்கே அனுப்பியதே பில்டர். நாங்கள் வாங்குவது புது வீடு என்பது கோப்பைத் திறந்த அன்றே அவர்களுக்குத் தெரியும். அந்த வரியை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

வங்கிக்காக ஆவணம் பார்த்ததற்கு ஒரு கட்டணம் இருந்தது. கடன் கொடுப்பது வங்கி, அதன் பாதுகாப்புக்காகப் பத்திரம் பார்க்கிற செலவு வாங்குகிறவர் தலையில். பரவலாக நடப்பதுதான். பொது இடங்களைப் பராமரிக்கும் நிறுவனம் தன் விதிகளையும் கணக்கையும் தருவதற்கும், உரிமையாளர் பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் தனியாக வாங்கியது. அந்தத் தொகையை வக்கீல் முடிவு செய்வதில்லை, சரி. இப்படி ஒன்று வரும் என்றாவது சொல்லியிருக்கலாமே.

என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது இன்னொன்று. வீடு சொன்ன தேதிக்கு முடியவில்லை. அதற்குள் வங்கியின் கடன் ஒப்புதல் காலாவதியாகிவிட்டது. புது ஒப்புதல் வாங்கியதும், அதன் நிபந்தனைகளை வக்கீல் மறுபடி படிக்க வேண்டும், பழசாகிப்போன வில்லங்கத் தேடலை மறுபடி போட வேண்டும், வங்கிக்கு அறிக்கையை மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனித் தொகை. தாமதம் பில்டருடையது, பணம் எங்களுடையது. அலுவலகத்துக்கு போன் செய்தேன். "வேலை செஞ்சிருக்கோமே மேடம், யாராவது கொடுத்துத்தானே ஆகணும்" என்றார் கணக்காளர். யாராவது என்றால் ஏன் நாங்கள்? கார் நிறுத்தும் இடத்துக்காக அவ்வளவு வாதாடிய அலுவலகம், இதை பில்டரிடம் கேட்டு ஒரு வரி எழுதவில்லை.

சட்டச் செலவில் சலுகை என்று பில்டர் விளம்பரம் செய்ததும் கைகொடுக்கவில்லை. அடிப்படைக் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்றார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எந்த வேலை, எந்தத் தேதி, யார் கேட்டுச் செய்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்டேன். கூரியர் செலவும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சத்தமில்லாமல் நீங்கின. ஒப்படைப்புத் தேதியைத் தள்ளிவைத்து பில்டர் அனுப்பிய கடிதத்தையே இணைத்து பில்டருக்கு எழுதியதில், தாமதத்தால் வந்த செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள். மீதியை நாங்கள் கட்டினோம்.

வேலைக்கு ஐந்துக்கு நான்கரை, பில்லுக்கு ஐந்துக்கு ஒன்று.

என் தங்கை இப்போது புது வீடு பார்க்கிறாள். அதே ஜூனியர் வக்கீலைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் முன்பணத்துக்கு முன்னாலேயே சிலவற்றை எழுத்தில் கேட்கச் சொன்னேன்: புது வீடு என்பதற்கான கூடுதல் இந்த எஸ்டிமேட்டில் அடங்குமா, வங்கி வேலை அடங்குமா, பில்டரின் வக்கீல் செலவை எங்கள் மேல் போடும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா, கட்டுமானம் தாமதமானால் மறுவேலைக்கு யார் தருவது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. வரும்வரை முன்பணம் கட்டுவதாக இல்லை என்கிறாள்.