அப்பா பெயரில் சிறுகோள்: 2,499 ரூபாய்க்கு வந்தது ஒரு தாள் மட்டும்தான்

அப்பாவுக்குப் போன மாதம் 70 வயது முடிந்தது. அசோக் நகர் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கவைத்து எங்களுக்கு வானத்தைக் காட்டி வளர்த்தவர். அதனால் "பிரியமானவர் பெயரில் ஒரு சிறுகோள்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் 2,499 ரூபாய் கட்டிவிட்டேன். கடையின் பெயரைப் போடவில்லை, இதே மாதிரி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் அட்டைக் குழாயில் வந்தது. கெட்டியான தாள், தங்க நிற ஓரம், நடுவில் அப்பா பெயர், கீழே ஓர் ஆறு இலக்க எண். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்ணை இரண்டு தடவை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "இதை யாருடா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி, சிறுகோள்களைப் பதிவு செய்கிற சர்வதேச மையமான மைனர் பிளானட் சென்டர் பட்டியலில் தேடினேன். சிறுகோள் இருக்கிறது, பெயர்தான் இல்லை, எண்ணும் கண்டுபிடித்ததும் வைக்கிற தற்காலிகக் குறியீடும் மட்டும் இருக்கின்றன. கடையில் கேட்டால் "எங்க பதிவேட்டில் ஏத்திட்டோம் சார்" என்கிறார்கள். அந்தப் பதிவேட்டை எந்த வானியலாளரும் பார்ப்பதில்லை.

சிறுகோளின் பெயர் விலைக்குக் கிடைக்காது என்பது வாங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் தற்காலிகக் குறியீடு, அப்புறம் சுற்றுப்பாதை உறுதியானதும் எண். அதன் பிறகு கண்டுபிடித்தவர் பத்து வருஷத்துக்குள் பெயர் முன்மொழியலாம், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வியாபாரப் பெயர் கூடாது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. நம்ம விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் 4538 விஷியானந்த் என்ற சிறுகோள் இருப்பதும் காசு கொடுத்து இல்லை, 2015-இல் முறைப்படி வைத்த பெயர்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. சொன்னபோது கூடவே சில்வியா கதையையும் சொன்னேன். 1866 மே 16 அன்று, நம்ம மெட்ராஸ் வானாய்வகத்தில், நார்மன் போக்சன் கண்டுபிடித்த 87-ஆவது சிறுகோள் அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள்கள் நிறைந்த பிரதான பட்டையின் வெளிப்பக்கத்தில், சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல சுமார் மூன்றரை மடங்கு தள்ளி, ஒரு தடவை சூரியனைச் சுற்ற ஆறரை வருஷம் எடுத்துக்கொள்கிறது. குறுக்களவு சுமார் 270 கிலோமீட்டர், இங்கிருந்து பெரம்பலூர் போகிற தூரம். அதற்கு இரண்டு நிலவுகள் இருக்கின்றன. ரோமானியக் கதையில் ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள் ரோமுலஸ், ரெமஸ். நிலவுகளுக்கும் அதே பெயர்களை வைத்தார்கள். இரண்டு நிலவு உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது இதுதான், 2005-இல். அதே வானாய்வகத்தில் 1868-இல் கண்டுபிடித்த கமிலா என்ற சிறுகோளும் பட்டையின் அதே வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வானாய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்தில். அப்பா முப்பது வருஷம் 17-ஆம் நம்பர் பஸ்ஸில் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போய்வந்தார், "ஒருத்தரும் சொல்லலையே" என்று ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பேக்கிங் நன்றாக இருந்தது, சொன்ன தேதிக்கு வந்தது, அதற்காக ஒரு நட்சத்திரம் தருகிறேன். யாருக்காவது வானத்தைப் பரிசாகக் கொடுக்க ஆசை இருந்தால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.