அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பயணம்: நான்கு பேரின் பாஸ்போர்ட், லவுஞ்சு விதிகள், கவுண்டரில் பார்த்தவை

ஐரோப்பாவிலிருந்து யாராவது ஊருக்குக் கிளம்பினால் தெரிந்தவர்கள் குழுவில் முதலில் வருகிற கேள்வி எந்த கார்டுக்கு விமான நிலையத்தின் எந்த லவுஞ்சில் (ஓய்வறையில்) விடுவார்கள் என்பதுதான். அதையும் எழுதுகிறேன். ஆனால் இந்த முறை திரும்பும்போது அம்மாவையும் கூட்டி வந்ததால், காகிதங்களைப் பற்றி அதைவிட அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லவுஞ்சில் விடவில்லை என்றால் கேட் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு காகிதம் சரியில்லை என்றால் விமானத்திலேயே ஏற முடியாது.

எங்கள் வழி ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேர் விமானம், அங்கிருந்து காரில் திருச்சி. என்னிடம் ஜெர்மன் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோக இந்தியா கொடுப்பது). வீட்டுக்காரரிடம் இந்தியப் பாஸ்போர்ட், கூடவே ஜெர்மனியின் நிரந்தர வதிவிட அட்டை. மகளுக்கு எட்டு வயது, அவளும் ஜெர்மன் பாஸ்போர்ட், ஓசிஐ. திரும்பும்போது அம்மா, இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா). ஒரே குடும்பம்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் விதி வேறு. "நாலு பேருக்கும் பாஸ்போர்ட் இருக்கு, போதும்" என்று கிளம்பிவிடக் கூடாது, ஆள் ஆளாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பலரும் இமிகிரேஷன் அதிகாரியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் முடிவு அதற்கு முன்னாலேயே, பெட்டி போடும் கவுண்டரில் நடந்துவிடுகிறது. அங்கே இருப்பவர் டிமாடிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துச் சொல்கிறார், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்துவது அது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், வழியில் எங்கே இறங்குகிறார் என்று போட்டால் என்னென்ன தேவை என்று அது சொல்லும். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு உத்தரவுப்படி ஒவ்வொரு நாடும் இதற்கு அபராதம் வைத்திருக்கிறது, ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ வரை போகும். அதனால்தான் கவுண்டரில் இருப்பவர் சந்தேகம் வந்தால் ஏற்ற மாட்டார், நாம் கத்திப் பயனில்லை. அவர் திரையில் தேடுவதை நாம் கையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மகள் விஷயத்தில் அதை நேரிலேயே பார்த்தேன். ஜெர்மனியில் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த கிண்டர்ரைசெபாஸ் 2024 ஜனவரி 1 முதல் கொடுப்பதில்லை, நீட்டிப்பதும் இல்லை. இப்போது பிள்ளைக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே வகைப் பாஸ்போர்ட்தான். 24 வயது வரை 37.50 யூரோ, ஆறு வருடம் செல்லும். அவசரமாக வேண்டுமென்றால் எக்ஸ்பிரஸுக்கு 32 யூரோ கூடுதல். விடுமுறைக்கு முன்னால் பியூர்கரம்டில் (நகராட்சியின் மக்கள் சேவை அலுவலகம்) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் டிக்கெட் போடும் நாளிலேயே இதையும் பார்த்துவிடுங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அடுத்த வேலை ஓசிஐ. 20 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும் புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புதுப் படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், மூன்று மாதத்துக்குள், கட்டணம் இல்லை. அட்டையை மாற்ற வேண்டியது 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு முறைதான். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்ற விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் நிறையப் பேர் இரண்டு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், அது கட்டாயம் இல்லை.

ஃபிராங்ஃபர்ட் கவுண்டரில் இருந்த பெண் மகளின் ஓசிஐ அட்டைப் புத்தகத்தைத் திறந்தார், அதில் இருந்தது பழைய பாஸ்போர்ட் எண். கையில் இருந்ததோ புதுப் பாஸ்போர்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரைக் கூப்பிட்டார். நான் ஓசிஐ தளத்தில் ஏற்றியதற்கு வந்த ஒப்புகைத் தாளை அச்செடுத்து வைத்திருந்தேன், அதில் இரண்டு எண்ணும் இருக்கிறது. அதைக் கொடுத்ததும் வந்தவர் திரையில் ஏதோ படித்துவிட்டுத் தலையசைத்தார், போர்டிங் பாஸ் வந்துவிட்டது. ஃபோனில் காட்டினாலும் போதும்தான், ஆனால் வரிசை பின்னால் நீண்டுகொண்டிருக்கும்போது மின்னஞ்சலில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஊருக்குப் போவது சுலபம், திரும்புவதில்தான் சிக்கல் வரும். வதிவிட அட்டையின் தேதி, பாஸ்போர்ட்டின் தேதி இரண்டையும் திரும்பும் நாளுக்குக் கணக்குப் பாருங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு அட்டை வராமல் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகத் தாளோடு இருப்பவர்கள் கட்டாயம் அதைத் திறந்து படியுங்கள். குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் டிக் போட்டிருந்தால் அதோடு திரும்பி வரலாம், 3ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்விட்டு அதை வைத்து உள்ளே வர முடியாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரித் தாள், ஒரு சின்னக் கட்டம்தான் வித்தியாசம். அது தெரியாமல் ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், வேலை போகிற அளவுக்குப் போன கதைகள் எனக்குத் தெரியும். அப்புறம், நிரந்தர அனுமதி வைத்திருப்பவர்கள் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அந்த அனுமதியே போய்விடும். பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் தங்கிவிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சரி, லவுஞ்சு. உள்ளே போகப் பெரும்பாலும் மூன்று வழிதான், டிக்கெட், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் உறுப்பினர் தகுதி, இல்லை பிரையாரிட்டி பாஸ் போன்ற தனி அட்டை. டிக்கெட் பிசினஸ் கிளாஸ் என்றாலே லவுஞ்சு உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தார் ஏர்வேஸின் பிசினஸ் லைட் கட்டணத்திலும் எமிரேட்ஸின் மலிவான ஸ்பெஷல் பிசினஸ் கட்டணத்திலும் லவுஞ்சு சேராது. வளைகுடா வழியாகப் போகும் நம்மவர்கள் தள்ளுபடி பார்த்து வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். உறுப்பினர் தகுதியில் ஸ்டார் அலையன்ஸ் (லுஃப்தான்சா உள்ளிட்ட விமான நிறுவனங்களின் கூட்டணி) கோல்டு இருந்தால் எக்கானமியில் போனாலும் உள்ளே விடுவார்கள், கூட ஒரு ஆளையும் அழைத்துப் போகலாம், அவரும் ஸ்டார் அலையன்ஸ் விமானத்தில் போகிறவராக இருக்க வேண்டும். லுஃப்தான்சாவின் ஃப்ரீக்வென்ட் டிராவலர் தகுதி அப்படி இல்லை, அதற்கு அந்த நிறுவனத்தின் சொந்த பிசினஸ் லவுஞ்சு கிடைக்குமே தவிர சென்னையில் வேறு ஆள் நடத்தும் லவுஞ்சில் அதை நம்பிப் போய் நிற்காதீர்கள்.

ஃபிராங்ஃபர்ட் மாதிரி நிலையத்தில் லவுஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஷெங்கன் பகுதியில் இருக்கிறதா, பாஸ்போர்ட் பார்த்த பிறகு வரும் பகுதியில் இருக்கிறதா, இல்லை பாதுகாப்புச் சோதனைக்கும் முன்னால் இருக்கிறதா என்று ஆப்பில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் கேட்டுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், சோதனை வரிசை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சென்னையில் இறங்கியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை, 2023இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் வருகை அட்டை ஆன்லைனில் வந்துவிட்டது, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், பணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கும் வேக இமிகிரேஷன் திட்டம் ஒன்று 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி 2025 ஜனவரியில் சென்னைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. ஆன்லைனில் பதிந்து ஒரு முறை கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் ஐந்து வருடம், அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம், இதுவும் இலவசம். அடிக்கடி தனியாகப் போகிறவர்களுக்கு இது லவுஞ்சைவிடப் பெரிய வசதி.

திரும்பும் நாள்தான் நீளமான நாள். திருச்சியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல், தாம்பரம் நெரிசலை நினைத்து மத்தியானமே கிளம்பிவிடுவோம், விமானமோ நள்ளிரவு தாண்டி. அதனால் எப்போதும் அளவுக்கு மீறி முன்னாலேயே போய்ச் சேருகிறோம், லவுஞ்சு விதி இடிப்பது அங்கேதான். கார்டு வழியாகப் போகும் பெரும்பாலான லவுஞ்சுகளில் விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் விட மாட்டார்கள். போர்டிங் பாஸில் மறுநாள் தேதி இருக்கிறதே என்று ஸ்டார் கோல்டுகாரர்கள் கவலைப்பட வேண்டாம், மறுநாள் காலை 5 மணிக்குள் கிளம்பும் விமானம் என்றால் அந்த விதியிலேயே இடம் உண்டு.

ஊரில் பழைய வங்கிக் கணக்கும் அதன் கிரெடிட் கார்டும் வைத்திருப்பவர்கள் அந்த கார்டை நம்பி வர வேண்டாம். இப்போது பல வங்கிகள் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்சு என்று மாற்றிவிட்டன, வருடத்துக்கு ஒரு முறை வருகிற நமக்கு அந்தச் செலவு எங்கிருந்து வரும்? போதாததற்கு, பல கார்டுகளுக்குப் பின்னால் லவுஞ்சு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் உள்நாட்டு லவுஞ்சு சேவையை நிறுத்திவிட்டது.

எங்களுக்கு வீட்டுக்காரரின் கோல்டு தகுதியில் அம்மா, என் பிரையாரிட்டி பாஸில் மகள் என்று பிரித்துக்கொண்டோம். என் அட்டையோடு ஒரு விருந்தினர் உண்டு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் லவுஞ்சு மேசையில் இருந்தவர் பிள்ளைக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார். ஆப்பில் அந்த லவுஞ்சின் பக்கத்தைத் திறந்து குழந்தைகள் பற்றிய வரியையும் என் விருந்தினர் எண்ணிக்கையையும் காட்டிய பிறகுதான், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது மேடம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தேய்த்தார், சரியாக வந்தது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வயதானவரை நிற்க வைத்துக்கொண்டு இப்படி வாதாட வைப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பலர் கட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அம்மாவுக்கு சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், ஐரோப்பிய நிலையங்களில் 48 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் இலவச உதவி 1107/2006 எண் விதிப்படி உரிமை, யாரும் செய்கிற தயவு கிடையாது. சென்னையில் தள்ளி வந்த தம்பி நேராக கேட்டில் கொண்டுபோய் விடத்தான் பார்த்தார், லவுஞ்சுக்குப் போக வேண்டும், இத்தனை மணிக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று அவரிடமே பேசி வைத்துக்கொண்டோம், சரியாக வந்தார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா ஒரு இட்லியும் காபியும் சாப்பிட்டார். மூட்டு வலியோடு ஆறு மணி நேரம் காரில் வந்தவருக்கு அந்த சோபா தேவைப்பட்டது. வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு லவுஞ்சு ஆடம்பரம் இல்லை என்று அதனால்தான் சொல்கிறேன்.

அம்மாவின் காகிதங்களை ஒரே உறையில் போட்டு அவர் தோள் பையிலேயே வைத்திருந்தோம், பெட்டியில் போடவே கூடாது. திரும்பும் டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, அம்மாவின் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஜெர்மனியில் கையெழுத்துப் போட்ட பொறுப்பேற்புப் பத்திரம், எங்கள் முகவரி, என் பாஸ்போர்ட் நகல். சென்னைக் கவுண்டரில் விசாவையும் திரும்பும் தேதியையும் மட்டும் பார்த்தார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் கேட்டார்கள்.

அங்கேதான் புது நுழைவு–வெளியேற்ற முறை. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவந்தது இது, ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ இல்லாமல் கொஞ்ச நாளுக்கு வருகிற எல்லோருக்கும் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு. எனக்கும் மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் இது கிடையாது, அம்மாவுக்கு உண்டு. அவரோடு நானும் அந்த வரிசையிலேயே போனேன், உறவைச் சொன்னதும் யாரும் தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கேமரா உயரமாக இருந்ததால் அதிகாரியே எழுந்து வந்து சரி செய்தார். விசா எடுக்கும்போது கொடுத்த கைரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க விரலை வைக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், முதலில் பச்சை வரவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைத்ததும் வந்தது. எத்தனை நாள், யார் வீட்டில், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டதற்கு நான் தமிழில் சொல்ல அம்மா பதில் சொன்னார், பத்திரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இனி நாள் கணக்கை யாரும் தாளைப் புரட்டி எண்ணப் போவதில்லை, கணினியே சொல்லிவிடும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான், வந்த நாளும் போகிற நாளும் சேர்த்தி. பேத்தியின் பிறந்தநாளுக்காக இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளும் வேலை இனி வேண்டாம், அடுத்த விசாவுக்கு அது குறுக்கே நிற்கும். அம்மாவின் டிக்கெட்டை வரம்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே திரும்புகிற மாதிரி போட்டிருக்கிறோம், விமானம் ரத்தானாலும் இடம் இருக்கட்டும் என்று.

லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு வரி. 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும் பிரிட்டனுக்குள் நுழைய இடிஏ என்ற ஆன்லைன் முன்அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அடையாள அட்டை மட்டும் செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும். ஹீத்ரோவில் எல்லையைத் தாண்டாமல் விமானம் மாறுவதானால் இடிஏ தேவையில்லை, தனித்தனி டிக்கெட் வாங்கி பெட்டியை எடுத்து மறுபடி போடுவதானால் தேவை. இலங்கைப் பாஸ்போர்ட்டில் பெற்றோரைக் கனடாவுக்கோ வேறெங்கோ ஐரோப்பா வழியாக அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் விமானம் மாறவே டிரான்சிட் விசா கேட்கும் பட்டியலில் இலங்கை இருக்கிறது. கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசாவோ ஷெங்கன் வதிவிட அட்டையோ செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. அந்த விசா இருக்கும் பக்கத்தைக் கவுண்டரில் நீங்களே திறந்து காட்டச் சொல்லி வையுங்கள்.