கீமோ எடுக்கும் குழந்தையோடு வேலூரில் தங்க இந்த லாட்ஜ் எப்படி?

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜுக்குப் பஞ்சமே இல்லை, வங்காளத்திலும் இந்தியிலும் போர்டு மாட்டி வரிசையாக நிற்கின்றன. ஆனால் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பிள்ளையோடு வருகிறவர்கள் ஏசி, டிவி எல்லாம் கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் கதவைத் திறந்து பாருங்கள். இந்த லாட்ஜில் எனக்குப் பிடித்ததே அதுதான். அறைக்கு அறை தனிக் கழிப்பறை, குழாயில் எந்நேரமும் தண்ணீர், பேசினில் சோப்பு.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், கவுண்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, இறங்கி இருக்கும்போது காய்ச்சல் வந்தால் டாக்டர்கள் உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள், உயிரைக் காப்பாற்ற அது வேண்டும்தான், ஆனால் அது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடுவதால் சில சமயம் சி.டிஃப் என்கிற கிருமி பெருகி நச்சை விட ஆரம்பிக்கும், பிள்ளைக்குத் தண்ணீராகப் பேதி போகும். என் மகளுக்கு வந்தது. இந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கிற வடிவம், ஆல்கஹால் சானிடைசருக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கழிப்பறைக்குக் குளோரின் பிளீச் வேண்டும்.

இதற்கு முன்னால் தங்கிய இடத்தில் மாடிக்கு ஒரே பொதுக் கழிப்பறை. வாசலில் சானிடைசர் பாட்டில், உள்ளே சோப்பு கிடையாது. கேட்டதற்கு, "அதான் சானிடைசர் இருக்கே சார்" என்றார்கள். கீமோ பிள்ளைகள் இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் இப்படி ஒரு பதில்!

இங்கே மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னதுமே எங்கள் அறைக்கென்று தனி மாப், தனி பக்கெட் கொடுத்துவிட்டார். சுத்தம் செய்கிற அக்கா பிளீச்சை ஊற்றிய கையோடு துடைக்காமல், நன்றாக ஊறவிட்டுத்தான் தேய்ப்பார், அவசரப்பட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. முகம் சுளித்ததும் இல்லை. அந்த அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அப்புறம், பேதியை நிறுத்துகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், நச்சு உள்ளேயே தங்கிவிடும்.

குறை என்றால் ஃப்ரிட்ஜ்தான். சி.டிஃபுக்குக் கொடுக்கிற வான்கோமைசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் குடலுக்குப் போய்ச் சேராது என்று வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார்கள். கரைத்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், லாட்ஜில் இருப்பதோ ரிசப்ஷனில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ், தினமும் நாலு வேளை மாடி இறங்கி ஏறினோம், ராத்திரியில் ஆளை எழுப்ப வேண்டியிருந்தது. வாடகை நியாயம்தான், அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம். நாலு ஸ்டார் கொடுக்கிறேன், மாடிக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தால் ஐந்து.