கப்பல் சுற்றுலாவுக்குப் பெரிய பெட்டியா, சின்னப் பையா?

கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றால் அடுத்து வருவது பெட்டிப் பிரச்சினை. 28 அங்குல சூட்கேஸை நிரப்பி, துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம். அல்லது 40 லிட்டர் கொள்ளும் பை ஒன்றோடு முடித்துக்கொண்டு, நாமே தூக்கிக்கொண்டு ஏறி, நாமே தூக்கிக்கொண்டு இறங்கலாம். ஏழு இரவு, வெயில் பிரதேசம், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் ஏறும் பெரிய கப்பல் என்ற கணக்கில் இரண்டையும் அலசுகிறேன். என் ஓட்டு சின்னப் பைக்குத்தான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய பெட்டியின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. தினம் ஒரு உடை, இரண்டு மூன்று ஜோடி செருப்பு, திரும்பும்போது வாங்கிய பொருளுக்கு இடம். கப்பலில் அறை மாற்றுவது கிடையாது. ஒரு தடவை பிரித்து அலமாரியில் அடுக்கினால் கடைசி நாள் வரை பெட்டியைத் தொட வேண்டாம். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஊர் ஊராகப் பெட்டியை இழுக்கும் தரைவழிப் பயணத்தைவிட, பெரிய பெட்டி பொருந்துகிற பயணம் கப்பல்தான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் பெரிய பெட்டி எடுப்பவர் எவரும் அதை மட்டும் எடுத்துப்போக முடியாது. முதல் நாளுக்கு ஒரு கைப்பை வேண்டும், கடைசி இரவுக்கும் அதே கைப்பை வேண்டும். ஆகவே நாம் தேர்ந்தெடுப்பது பெரியதா சின்னதா என்பதை அல்ல, ஒரு பையா இரண்டு பையா என்பதை. பெட்டி நம் கையில் இல்லாத அந்த இரண்டு நேரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் மற்றது தானாகப் புரியும்.

முதலில் ஏறும் நாள். காலை பதினொன்றிலிருந்து ஆட்களை ஏற்ற ஆரம்பிப்பார்கள். கேபின் தயாராக மதியம் ஒன்று, ஒன்றரை ஆகும். போர்ட்டரிடம் கொடுத்த பெட்டி கம்பிக்கூண்டு வண்டியில் ஏறி, எக்ஸ்ரே கருவி வழியாகப் போய், தளம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகலாம். இரவு எட்டு மணி ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இடையில், ஆபத்து நேர்ந்தால் எங்கே கூடுவது, என்ன செய்வது என்று பயணிகளுக்குக் காட்டும் பாதுகாப்புப் பயிற்சி. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் இத்தாலிக் கரையோரம் கவிழ்ந்ததற்குப் பிறகு விதியை இறுக்கினார்கள். புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அது முடிந்தாக வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு. நீச்சல் உடை பெட்டிக்குள், மாற்று உடை பெட்டிக்குள், மாத்திரையும் பெட்டிக்குள் என்றால் அன்று முழுக்க விமானத்தில் போட்டிருந்த சட்டையோடுதான் திரிய வேண்டும். முதல் நாள் மதியம் நீச்சல் குளத்தில் கூட்டமே இருக்காது. நீச்சல் உடையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல நேரம்.

பெட்டி தாமதமாவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, டேக். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த சாதாரணக் காகித டேக், கூண்டு வண்டியில் நாலு பெட்டிக்கு நடுவில் நசுங்கியதும் கிழிந்துபோகும். கேபின் எண் போய்விட்டால் அந்தப் பெட்டி யாருடையது என்று எவருக்கும் தெரியாது. ஆள் வந்து அடையாளம் சொல்லும்வரை லாபியில் வரிசையாக நிற்கும். பெரிய பெட்டிதான் என்று முடிவெடுத்தவர்கள் டேக்கை நீளவாக்கில் மடித்து, முழுவதும் செலோடேப் சுற்றி, கைப்பிடியில் வளைத்து இரண்டு இடத்தில் ஸ்டேப்பிள் அடியுங்கள். இன்னொரு பிரதியைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். பழைய விமான டேக்குகளைக் கிழித்துப் போடுங்கள்.

இரண்டாவது, எக்ஸ்ரேயில் மாட்டும் சாமான்: இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி, மதுபாட்டில், சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சாதனம்) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இதில் ஒன்று தெரிந்தாலும் பெட்டியை நிறுத்திவைப்பார்கள். நீங்கள் போய்த் திறந்து காட்ட வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், பாதுகாப்புச் சாதனத்தை ஏன் தடுக்கிறார்கள் என்று கோபப்படவும் செய்கிறார்கள். காரணம் இருக்கிறது. வீட்டு மின்னிணைப்பில் நியூட்ரல் கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பல்களில் பெரும்பாலும் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் உண்டு. வீட்டுக்கென்று செய்த சர்ஜ் ப்ரொடெக்டர் அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. நாலைந்து யுஎஸ்பி வாய் உள்ள சாதாரண சார்ஜர் ஒன்று போதும்; கேபினில் பிளக் பாயின்ட் குறைவு என்ற குறை அதிலேயே தீரும்.

சின்னப் பைக்காரருக்கு இந்தக் கவலைகளில் பாதி கிடையாது. பை எக்ஸ்ரேக்குள் போவதும் வெளியே வருவதும் அவர் கண் முன்னால் நடக்கும். பிரச்சினை என்றால் அங்கேயே தீர்ந்துவிடும். கேபின் திறக்கும்வரை பையைத் தோளில் போட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும், அது ஒரு சங்கடம்தான். பஃபே வரிசையில் சக்கரப் பெட்டியை இழுத்துப் போவதைவிட முதுகில் மாட்டும் பை அந்த இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவோ மேல்.

எனக்கு முடிவைத் தந்தது கடைசி இரவுதான். பெட்டியை அன்றிரவு கேபின் வாசலுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். கெடு பத்து மணி, பதினொன்று, நள்ளிரவு என்று கப்பலுக்குக் கப்பல் மாறும். எந்தக் குழுவில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு நிறமோ எண்ணோ உள்ள டேக் தருவார்கள். ஊழியர்கள் இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு மறுநாள் காலை கரையில், துறைமுகக் கூடத்தில்தான் அதைப் பார்க்க முடியும். அதாவது உங்கள் பயணம் முடிவதற்கு முந்தைய மாலையிலேயே நீங்கள் பேக்கிங்கை முடித்தாக வேண்டும். எல்லோரும் கடைசி இரவைக் கொண்டாடும் நேரத்தில் கேபின் தரையில் உட்கார்ந்து பெட்டியை மூடப் போராடுவது கப்பலில் சர்வசாதாரணமான காட்சி.

அந்த அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்றேதான்: மறுநாளைக்கு வேண்டியதையும் சேர்த்து உள்ளே வைத்து மூடிவிடுவது. செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பவர்கள், பேன்ட்டை வைத்துவிட்டு இரவு உடையில் இறங்குபவர்கள், பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் காலை உடை முழு செட்டையும், உள்ளாடை முதல் செருப்பு வரை, நாற்காலியில் எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே மருந்து, பல் துலக்கும் பிரஷ், மூக்குக்கண்ணாடி, சார்ஜர், நகை, பாஸ்போர்ட். நாற்காலியில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டி வெளியே போக வேண்டும்.

காலையில் குழுக்குழுவாக அழைப்பார்கள். கூடத்தில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். யாரோ உங்கள் பெட்டியைத் தன்னுடையது என்று எடுத்துப்போனால், அவர் திறந்து பார்க்கும்போதுதான் விஷயமே வெளிவரும். கைப்பிடியில் பளிச்சென்ற துணியைக் கட்டுவது நல்ல யோசனை, ஆனால் சிவப்பு ரிப்பனை எல்லோரும் கட்டுகிறார்கள். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் அகலமான வண்ண டேப்பால் பெரிய குறி ஒட்டுவது இன்னும் நல்லது.

தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு முந்தின இரவுக் கெடு கிடையாது. காலையில் எழுந்து, பல் துலக்கி, பையை மூடினால் போதும். அதிகாரிகள் அனுமதி கொடுத்ததும் முதலில் விடுவது பெரும்பாலும் இவர்களைத்தான். நண்பகலுக்கு முன்பே விமானம் என்றால் இந்த ஒன்றுக்காகவே சின்னப் பையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாவற்றையும் யார் உதவியும் இல்லாமல் நீங்களே ஒரே நடையில் தூக்கிப்போக வேண்டும். அந்த நேரத்தில் லிஃப்ட் நிரம்பி வழியும். ஒன்பதாவது தளத்துக் கேபினிலிருந்து வெளியேறும் வாசல் நான்காவது தளத்தில் என்றால் ஐந்து மாடி படிக்கட்டு. ஆகவே வீட்டிலேயே பையை முழுதாக நிரப்பி, ஒரு கையால் தூக்கி, மறு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பரவாயில்லை. நடுவில் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தால் பை கனம், குறைத்தே ஆக வேண்டும்.

என்ன குறைப்பது? காலிப் பையில் ஆரம்பிக்கலாம். நான்கு சக்கரக் கெட்டிப் பெட்டி சின்ன அளவிலேயே மூன்று கிலோ வரை இருக்கும். துணிப் பை ஒன்றரைக்குள் முடியும். கெட்டிப் பெட்டியைப் புத்தகம் போல இரண்டு பக்கமும் விரித்துத் திறக்க வேண்டும், குறுகலான கேபினில் அதற்குக் கட்டிலைத் தவிர இடம் கிடையாது. துணிப் பையைக் காலியானதும் மடித்து அலமாரி மேல்தட்டில் செருகிவிடலாம்.

உள்ளே வைப்பது: மேலுடை நான்கு, கீழுடை இரண்டு, அரைக்கால் உடை ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல செட், உள்ளாடை ஐந்து, மெல்லிய கம்பளி உடை ஒன்று. வெயில் பிரதேசத்துக்கு எதற்குக் கம்பளி என்று கேட்காதீர்கள். அரங்கத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஏசி நடுக்கிவிடும். நீச்சல் உடை மட்டும் கட்டாயம் இரண்டு, ஏனென்றால் குளியலறையில் தொங்கவிட்டது மறுநாள் காலைக்குள் காயாது. காலணி இரண்டே ஜோடி, கனமானதைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். ஒன்றே அரைக்கிலோவைத் தாண்டும், நனைந்தால் இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது.

இது வாரம் முழுக்க வர வேண்டுமானால் மூன்றாம் இரவும் ஐந்தாம் இரவும் துவைக்க வேண்டும். கார்னிவல், பிரின்சஸ் நிறுவனங்களின் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் காசு கட்டி நாமே துவைக்கும் அறை உண்டு. ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களில் கிடையாது, துணியைக் கொடுத்துத் துவைத்து வாங்கத்தான் முடியும். கையால் துவைப்பதானால் பிழிந்த துணியைக் குளியல் துண்டுக்குள் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். செயற்கை இழைத் துணி விடிவதற்குள் காய்ந்துவிடும், பருத்தி காயாது. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு ஒட்டி, ஏசி காற்று படும் இடத்தில் தொங்கவிடலாம். பால்கனியில் காயப்போட வேண்டாம். காற்றில் பறந்துபோகும், பல கப்பல்களில் தடையும் உண்டு. கூரையில் இருக்கும் தீயணைப்புத் தெளிப்பானில் ஹேங்கரை மாட்டவே மாட்டாதீர்கள். அது உடைந்தால் கேபின் முழுக்க வெள்ளம்தான்.

விமானத்தில் போய்க் கப்பல் ஏறுபவர்களுக்குச் சின்னப் பையால் இன்னொரு நிம்மதி. விமானத்தில் ஒப்படைத்த பெட்டி ஒரு நாள் தாமதமானால் ஓட்டலுக்கு வந்துவிடும். கப்பல் காத்திருக்காது, பெட்டி அடுத்த துறைமுகத்துக்கு நம்மைத் துரத்த வேண்டும், நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல் நாள் ஒன்று இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். பெரிய பெட்டி எடுப்பவர்கள் ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகரத்துக்குப் போய்விட வேண்டும். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எழுதி, கப்பல் பெயர், கேபின் எண், ஒவ்வொரு துறைமுகத்துத் தேதி எல்லாவற்றையும் அதில் சேர்த்துக் கொடுங்கள். பதிலுக்குச் சின்னப் பையில் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு இடிக்கும். வெயிலுக்குப் பூசும் கிரீமைக் குச்சி வடிவில் வாங்கினால் சமாளிக்கலாம். கைப்பைக்கு ஏழு கிலோதான் என்று கறாராக எடை போடும் விமானங்களில் மேலே சொன்ன பட்டியல் மயிரிழையில்தான் தப்பும்.

சின்னப் பை எல்லோருக்கும் ஒத்துவராது. கைக்குழந்தை இருந்தால் டயப்பரே ஒரு பை. முழங்கால் வலி உள்ளவர், சக்கர நாற்காலியில் வருபவர் போர்ட்டரிடம் கொடுப்பதே சரி. அலாஸ்கா, நார்வே போன்ற குளிர்ப் பாதைகளுக்கு என் கட்சியை இதே உறுதியோடு வாதாட மாட்டேன். நீர் புகாத மேலங்கியும் கனத்த காலணியும் பாதிப் பையை அடைத்துவிடும். ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக வரும் இரண்டு சம்பிரதாய உடை இரவுகளுக்கும் தனித்தனி உடை வேண்டும் என்பவருக்கும் இது போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் துவைப்பதே அலுத்துவிடும்.

அப்படிப்பட்டவர்கள் தம்பதியாகப் போனால் ஆளுக்கொரு பெரிய பெட்டிக்குப் பதில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி, ஆளுக்கொரு முதுகுப் பை என்று வைத்துக்கொள்ளலாம். முதுகுப் பையில் பாஸ்போர்ட், ஒரு வாரத்து மருந்து முழுவதும், குமட்டல் மாத்திரை, நீச்சல் உடை, அன்றைய இரவு உடை, பவர் பேங்க். பவர் பேங்கை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போடக் கூடாது. பெரிய பெட்டியில் இருவர் உடையையும் கலந்தே அடுக்குங்கள். இரவு எட்டு மணிக்கும் அது வரவில்லை என்றால் கேபினிலிருந்து வரவேற்பு மேசைக்குப் போன் செய்யும் முன், லாபியில் வரிசையாக நிற்கும் பெட்டிகளை ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.